தங்கத் தோலும் கண்ணன் தண்டையும்

2013 ஆகஸ்டில் வந்தது ‘பெர்சி ஜாக்சன்: சீ ஆஃப் மான்ஸ்டர்ஸ்’. 2022 ஆகஸ்டில் வந்தது ‘கார்த்திகேயா 2’. இரண்டுமே இரண்டாம் பாகங்கள். புராணத்துப் பொருள் ஒன்றைத் தேடி ஓர் இளைஞன் துணைகளோடு கிளம்புவதுதான் இரண்டிலும் கதை. அங்கே கிரேக்கரின் தங்க ஆட்டுத்தோல்; இங்கே கண்ணன் காலில் கிடந்த தண்டை. ஆட்டுத்தோல் பட்டுப்போகும் காவல் மரத்தைப் பிழைக்க வைக்கும். தண்டை வரப்போகும் பேரிடரிலிருந்து தப்ப வழி சொல்லும். இவ்வளவு ஒட்டிப் பிறந்தும் கிடைத்த வரவேற்பு வேறு வேறு.

ஹாலிவுட் படத்துக்கு ராட்டன் டொமேட்டோஸில் சாதகமான விமர்சனம் பாதியைத் தொடவில்லை. மெட்டாகிரிட்டிக்கில் நூற்றுக்கு 39. ஹாரி பாட்டரின் வெளுத்த நகல் என்றார்கள். அதைவிடப் பெரிய அடி மூல நாவலை எழுதிய ரிக் ரியோர்டனின் வாசகர்களிடமிருந்து விழுந்தது. நாவலில் நாயகனைப் பற்றிய தீர்க்கதரிசனம் குறித்த வயது பதினாறு. படம் அதை இருபதாக்கியது. நாவல் வரிசையில் பின்னால் எழவேண்டிய பெரும்பகைவன் குரோனஸை இந்தப் பாகத்திலேயே எழுப்பி, அடித்தும் முடித்துவிட்டது. கடைசி நாள் வாணவேடிக்கையைக் கொடியேற்றத்தன்றே கொளுத்திவிட்டால் திருவிழாவுக்கு யார் வருவார்கள்? சுமார் 9 கோடி டாலர் செலவு, 20 கோடி டாலர் வசூல் என்ற கணக்கோடு அந்தத் திரைப்பட வரிசை நின்றுபோனது. பாத்திரங்களின் வயதை ஏற்றாதீர்கள் என்று முதல் படத்தின்போதே தயாரிப்பாளர்களுக்கு எழுதிய கடிதங்களை ரியோர்டன் 2018இல் வெளியிட்டார்.

சந்து மொண்டேட்டி இயக்கி நிகில் சித்தார்த்தா நடித்த தெலுங்குப் படத்துக்கு இந்தப் பாடு இல்லை. ‘லால் சிங் சத்தா’வும் ‘ரக்ஷா பந்தன்’னும் சறுக்கிய அதே வாரத்தில், இந்தியில் மிகச் சில காட்சிகளோடு தொடங்கி நாளுக்கு நாள் திரைகளைக் கூட்டிக்கொண்டது. 70ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தெலுங்குப் படமும் அதுவே. அனுபம் கேர் கண்ணனைப் பற்றிப் பேசும் காட்சி ஊரெல்லாம் கொண்டாடப்பட்டது. சினிமாவாக எடைபோட்டால் அது பிரசங்கம்தான். படம் முழுக்கவே நடந்து காட்டுவதைவிடச் சொல்லித் தீர்ப்பது அதிகம்.

ஏன் இந்த வேறுபாடு? நாவல் வாசகனிடம் அச்சிட்ட பக்கம் இருக்கிறது. எந்த இடத்தில் மாற்றினாய் என்று விரல் வைத்துக் கேட்க முடியும். கண்ணன் கதையில் அது முடியாது. அப்பத்தா சொன்னது ஒன்று, கோயில் திண்ணையில் கேட்டது இன்னொன்று. எனவே இயக்குநர் புதிதாக ஒன்றைச் சேர்த்தாலும் அது பிழையாகாது, இன்னொரு கதையாகிவிடும். கூடவே பக்தியும் சேர்ந்து விமர்சனத்தின் கூர்மையை மழுக்கியது. அதை நான் படத்தின் தகுதிக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

எங்கள் ஊர் போடியிலிருந்து பார்க்கும்போது வேறொன்றும் உறுத்துகிறது. எங்களுக்கும் ஒரு சிலம்பின் கதை உண்டு. ஏலக்காட்டு வேலைக்கு விடியலில் ஜீப் ஏறிப் போடிமெட்டுக்குப் போகும் பெண்களுக்குக்கூட அது தெரியும். இதே மலைத்தொடரில் கூடலூருக்கு மேலே, வண்ணாத்திப்பாறையில் மங்கலதேவி கண்ணகி கோயில். ஆண்டுக்கு ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் சனங்களை மேலே விடுவார்கள். பளியன்குடி வழியாக நடந்தே ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் வேங்கை மர நிழலில் நின்றவளைக் கண்டதும், சேரனிடம் போய்ச் சொன்னதும் மலைக்குறவர்கள். அவர்கள் வாய்திறக்காவிட்டால் வஞ்சிக்காண்டமே இல்லை.

‘கார்த்திகேயா 2’இலும் தண்டையின் ரகசியத்தைக் காக்கும் ஒருவன் வருகிறான்: ஆபீரன். ஆபீரர் என்போர் கண்ணனோடு சேர்த்தே பேசப்படும் பழைய ஆயர் குடியினர். படம் அவனிடம் ஒரு கதைகூடக் கேட்கவில்லை. நாயகனைத் துரத்திக் கொல்ல வரும் முரடனாக மட்டும் ஓடவிடுகிறது. கண்ணனின் பெருமையை விளக்குவதோ, அனுபம் கேர் நடித்த அறிஞர். கிராபிக்ஸைப் பற்றி நீளமாக எழுதிய விமர்சனங்களில் நான் படித்த எதுவும் இதைக் கண்டுகொள்ளவில்லை. பெர்சி ஜாக்சன் படத்தில் இளைஞர்களின் பெருங்கேலிக்குள்ளான ஒற்றைக்கண் சைக்ளோப்ஸ் டைசன்கூட, அரக்கர் இனம் என்று ஒதுக்கப்பட்டவன், தம்பியாக ஏற்கப்படுகிறான். அந்த ஒரு விஷயத்தில் 39 மதிப்பெண் வாங்கிய படம் விருது வாங்கிய படத்தைவிட ஒரு படி மேல்.