மகப்பேறு மருத்துவர்களுக்கான தொடர் கல்வி: விதிகள் என்ன, பயிற்சி எப்படி நடக்கிறது, எது உயிர் காக்கிறது?

புதுடெல்லி: பிரசவம் முடிந்ததும் தாய் எவ்வளவு ரத்தம் இழந்திருக்கிறார் என்பதை மருத்துவர்களும் செவிலியர்களும் நெடுங்காலமாகக் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டு வந்தனர். இந்த மதிப்பீடு எவ்வளவு தவறக்கூடும் என்பதை, கர்நாடக மாநிலம் பெலகாவியில் நடத்தப்பட்டு 2006-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. அளவுக்கோடுகள் இடப்பட்ட பிளாஸ்டிக் விரிப்பைக் கொண்டு அளந்த தாய்மார்களிடம் சராசரி ரத்த இழப்பு சுமார் 303 மில்லிலிட்டராக இருந்தது. கண்ணால் பார்த்து மதிப்பிட்ட குழுவிலோ அது சுமார் 203 மில்லிலிட்டர் என்றே பதிவானது. அதாவது, மூன்றில் ஒரு பங்கு ரத்த இழப்பு கணக்கில் வராமலே போயிருந்தது.

ரத்தப்போக்கைத் தாமதமாக உணர்ந்தால் சிகிச்சையும் தாமதமாகும். இத்தகைய புதிய கண்டறிதல்கள், பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் ஆன மருத்துவரிடமும், கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் பணிபுரியும் செவிலியரிடமும் எவ்வாறு சென்று சேர்கின்றன? இதற்கான ஏற்பாடே தொடர் மருத்துவக் கல்வி ஆகும். இந்தியாவில் இதற்கான விதிகள் என்ன, யார் பயிற்சி அளிக்கின்றனர், எத்தகைய பயிற்சி பலன் தருகிறது என்பதை இந்தத் தொகுப்பு விளக்குகிறது.

தொடர் கல்வி ஏன் தேவை?

மாதிரிப் பதிவு முறை எனப்படும் எஸ்ஆர்எஸ் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு ஏற்படும் தாய் இறப்பு எண்ணிக்கை 2014-16 காலகட்டத்தில் 130 ஆக இருந்தது. இது 2018-20-இல் 97 ஆகவும், 2019-21-இல் 93 ஆகவும் குறைந்தது. 2030-ஆம் ஆண்டுக்குள் இதனை 70-க்கும் கீழே கொண்டுவருவது உலகளாவிய நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்றாகும்.

எனினும் மாநிலங்களுக்கு இடையேயான இடைவெளி மிகப் பெரியது. 2018-20 காலகட்டத்தில் கேரளத்தில் இந்த எண்ணிக்கை 19 ஆகவும், தமிழ்நாட்டில் 54 ஆகவும் இருந்தது. அதே காலத்தில் உத்தரப் பிரதேசத்தில் 167, அசாமில் 195 எனப் பதிவானது. ரத்த வங்கி, ஆம்புலன்ஸ், மருத்துவர் எண்ணிக்கை எனப் பல காரணங்கள் இதன் பின்னணியில் உள்ளன. பிரசவ அறையில் இருப்பவரின் அறிவும் கைத்திறனும் அவற்றுள் முக்கியமானவை.

மாறியிருப்பவை எவை?

மகப்பேறு மருத்துவத்தில் கடந்த 10 ஆண்டுகளில் மட்டும் பல அடிப்படை நடைமுறைகள் மாறியுள்ளன.

* 21 நாடுகளில் சுமார் 20 ஆயிரம் பெண்களிடம் நடத்தப்பட்ட 'வுமன்' ஆய்வு 2017-இல் வெளியானது. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கின்போது டிரானெக்சாமிக் அமிலத்தை விரைவாகச் செலுத்தினால் ரத்த இழப்பால் ஏற்படும் இறப்பு குறைகிறது என்பது அதன் முடிவு. குழந்தை பிறந்த 3 மணி நேரத்துக்குள் இம்மருந்தைத் தொடங்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

* கர்ப்பப்பை வாய் 4 சென்டிமீட்டர் விரிந்ததும் பிரசவத்தின் தீவிரக் கட்டம் தொடங்கிவிட்டதாகக் கருதும் பழைய வரையறை, 2018-இல் 5 சென்டிமீட்டர் என மாற்றப்பட்டது. மணிக்கு 1 சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்ற கணக்கு எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்றும் அந்த வழிகாட்டுதல் தெளிவுபடுத்தியது. இயல்பான பிரசவத்தில் அனைவருக்கும் வழக்கமாகப் பிறப்புறுப்பில் வெட்டுப் போட்டுத் தையலிடும் முறையையும் அது பரிந்துரைக்கவில்லை. இவற்றின் அடிப்படையில் 2020 டிசம்பரில் பழைய பார்டோகிராஃப் படிவத்துக்கு மாற்றாகப் புதிய பிரசவப் பராமரிப்புப் படிவம் வெளியிடப்பட்டது.

* கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறிய ஹெச்பிவி டிஎன்ஏ பரிசோதனையே முதன்மையானது என 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 9 முதல் 20 வயது வரையிலான பெண்களுக்கு ஹெச்பிவி தடுப்பூசியை ஒரு தவணையாகவோ இரு தவணைகளாகவோ செலுத்தலாம் என 2022 டிசம்பரில் அதன் நிலைப்பாடு மாறியது.

* 2025 அக்டோபரில் வெளியான புதிய வழிகாட்டுதலின்படி, ரத்த இழப்பு 500 மில்லிலிட்டரை எட்டும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 300 மில்லிலிட்டரை எட்டிய நிலையில் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றில் மாற்றம் தென்பட்டாலே சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

2015-இல் முதுநிலைப் பட்டம் பெற்ற ஒருவரின் பாடநூலில் இவற்றில் பல இடம்பெற்றிருக்காது.

சட்டமும் மாறியுள்ளது

மருத்துவ அறிவுடன் சட்ட அறிவையும் மகளிர் நல மருத்துவர்கள் புதுப்பித்துக்கொள்ள வேண்டியுள்ளது. கருக்கலைப்புச் சட்டத் திருத்தம் 2021 செப்டம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி 20 வாரங்கள் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதுமானது. குறிப்பிட்ட பிரிவுகளைச் சேர்ந்த பெண்களுக்கு 20 முதல் 24 வாரங்கள் வரை இரு மருத்துவர்களின் கருத்துடன் கருக்கலைப்பு செய்யலாம். கருவில் கடுமையான குறைபாடு இருப்பின், 24 வாரங்களுக்குப் பிறகு மருத்துவ வாரியம் முடிவு செய்யும். திருமணமாகாத பெண்களுக்கும் 24 வாரங்கள் வரையிலான உரிமை உண்டு என 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த மாற்றத்தை அறியாத மருத்துவர் ஒருவர், சட்டப்படி உரிமை உள்ள பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடும் அபாயம் உள்ளது.

விதிகள் என்ன சொல்கின்றன?

இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு தொழில் நடத்தை விதிமுறைகளின்படி, ஒரு மருத்துவர் 5 ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சிகளில் பங்கேற்க வேண்டும். ஆண்டுக்கு 6 மணி நேரம், மாதத்துக்கு அரை மணி நேரம் என்பதே இதன் பொருள். மகப்பேறு, இதயம், தோல் என்ற துறை வேறுபாடு இந்த விதியில் இல்லை.

2020 செப்டம்பர் 25 முதல் மருத்துவ கவுன்சிலின் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் செயல்பட்டு வருகிறது. இந்த ஆணையம் 2023 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் புதிய தொழில் நடத்தை விதிமுறைகளை வெளியிட்டது. 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பித்தல், அதே காலத்தில் 30 கிரெடிட் புள்ளிகளைப் பெறுதல் ஆகியவை அதில் இடம்பெற்றிருந்தன. மருந்துகளைப் பொதுப்பெயரில் எழுதுவது தொடர்பான விதி, மருந்து நிறுவனங்கள் நிதியளிக்கும் நிகழ்ச்சிகளில் பங்கேற்கத் தடை ஆகியவற்றுக்கு எதிர்ப்பு எழுந்த நிலையில், அதே மாதத்திலேயே அவை நிறுத்திவைக்கப்பட்டன. பழைய 2002 விதிமுறைகள் மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

மகாராஷ்டிரம் போன்ற சில மாநிலங்களின் மருத்துவ கவுன்சில்கள், பதிவைப் புதுப்பிப்பதற்குக் கிரெடிட் புள்ளிகளைக் கட்டாயமாக்கியுள்ளன. கருத்தரங்கில் அமர்ந்திருந்த நேரமே இந்தப் புள்ளிகளுக்குப் பெரிதும் அடிப்படையாக உள்ளது. அந்த மருத்துவரால் ரத்தப்போக்கை உரிய நேரத்தில் நிறுத்த முடியுமா என்பதை இந்தக் கணக்கு காட்டுவதில்லை.

பயிற்சி அளிப்பவர்கள் யார்?

இத்துறையின் மிகப் பெரிய தொழில்முறை அமைப்பு, இந்திய மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபோக்சி ஆகும். இந்தக் கூட்டமைப்பு பிறந்த இடம் சென்னை. 1950 ஜனவரியில் அன்றைய மெட்ராஸில் நடைபெற்ற 6-வது அகில இந்திய மகப்பேறு மருத்துவ மாநாட்டில், பல நகரங்களின் சங்கங்கள் ஒன்றிணைந்து இதனை உருவாக்கின. ஆண்டு மாநாடு, பயிலரங்குகள், சிகிச்சை வழிகாட்டுதல்கள் ஆகியவற்றுடன், தனியார் மகப்பேறு மருத்துவமனைகளுக்காக 16 மருத்துவத் தர அளவுகோல்களைக் கொண்ட 'மான்யதா' என்ற தரச் சான்றிதழ்த் திட்டத்தையும் ஃபோக்சி நடத்தி வருகிறது.

அரசுத் துறையில் பயிற்சிகள் பணிநிலைக்கு ஏற்ப வகுக்கப்பட்டுள்ளன. கிராம சுகாதார செவிலியர்களுக்கும் பணிச் செவிலியர்களுக்கும் 21 நாள் திறன்மிகு பிரசவ உதவிப் பயிற்சி உள்ளது. சிறப்பு மருத்துவர்கள் இல்லாத பகுதிகளுக்காக, எம்பிபிஎஸ் மருத்துவர்களுக்கு அறுவைசிகிச்சைப் பிரசவம் உள்ளிட்ட அவசர மகப்பேறு சிகிச்சையில் 16 வாரப் பயிற்சி வகுக்கப்பட்டது. உயிர்காக்கும் மயக்கவியல் திறன்களுக்கென 18 வாரப் பயிற்சியும் உருவாக்கப்பட்டது. 2015-இல் 'தக்ஷதா' திட்டமும், 2017 டிசம்பரில் பிரசவ அறைகளின் தரத்தை மேம்படுத்தும் 'லக்‌ஷ்யா' திட்டமும் தொடங்கப்பட்டன. மருத்துவச்சிகளாகச் சுயமாகப் பணியாற்றும் செவிலியர்களை உருவாக்குவதற்கான வழிகாட்டுதல் 2018 டிசம்பரில் வெளியானது. இதற்கான பயிற்சிக் காலம் 18 மாதங்கள்.

எத்தகைய பயிற்சி பலன் தருகிறது?

இந்தக் கேள்விக்கு இந்திய மண்ணிலேயே நடந்த இரு ஆய்வுகள் முக்கியமான பாடங்களைத் தருகின்றன.

முதலாவது, பெலகாவி மாவட்டக் கிராமங்களில் நடத்தப்பட்டு 2006-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு. 1,620 பெண்கள் இதில் பங்கேற்றனர். குழந்தை பிறந்ததும் மிசோப்ரோஸ்டால் மாத்திரையை வாய்வழி கொடுக்கத் துணைச் செவிலியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. மாத்திரை பெறாத குழுவில் 12 சதவீதமாக இருந்த அதிக ரத்தப்போக்கு, மாத்திரை பெற்ற குழுவில் 6.4 சதவீதமாக இருந்தது. பயிற்சி எளிமையானது, தேவையான மருந்தும் பயிற்சி பெற்றவரின் கையிலேயே இருந்தது.

இரண்டாவது, உத்தரப் பிரதேசத்தில் 120 அரசு சுகாதார நிலையங்களில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான 'பெட்டர்பர்த்' ஆய்வு. பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலைப் பயன்படுத்த, 8 மாதங்கள் நேரடி வழிகாட்டல் அளிக்கப்பட்டது. தொடங்கி 2 மாதங்களில், செய்ய வேண்டிய முக்கியப் பணிகளில் 72.8 சதவீதம் நிறைவேற்றப்பட்டன. வழிகாட்டல் அளிக்கப்படாத நிலையங்களில் இது 41.7 சதவீதமாகவே இருந்தது. ஆனால் வழிகாட்டிகள் விலகிய பிறகு, 12-வது மாதத்தில் அந்த அளவு 61.7 சதவீதமாகச் சரிந்தது. தாய் சேய் இறப்பும் கடுமையான பாதிப்புகளும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. நல்ல பழக்கங்களைக் கற்றுக்கொடுப்பது மட்டும் போதாது என்பதையும், பயிற்சி நின்றால் பழக்கமும் தளரும் என்பதையும் இந்த முடிவு உணர்த்தியது.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடத்தப்பட்ட 'இ-மோட்டிவ்' ஆய்வு 2023 மே மாதம் வெளியானது. அளவுக்கோடிட்ட விரிப்பைக் கொண்டு ரத்தத்தை அளந்து, கர்ப்பப்பையைப் பிடித்துவிடுதல், ஆக்ஸிடோசின் வகை மருந்து, டிரானெக்சாமிக் அமிலம், சிரை வழி நீர்மம், பரிசோதனை ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து செய்யாமல் ஒரே தொகுப்பாகச் செய்ய ஊழியர்கள் பழக்கப்படுத்தப்பட்டனர். அந்தந்த மருத்துவமனையிலேயே ஒத்திகைப் பயிற்சி நடத்தப்பட்டது. முடிவுகள் தொடர்ந்து ஊழியர்களிடம் பகிரப்பட்டன. விளைவாக, கடுமையான ரத்தப்போக்கு, அதற்கான அறுவைசிகிச்சை, அதனால் ஏற்படும் இறப்பு ஆகியவை சேர்ந்த பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது. ரத்தப்போக்கு கண்டறியப்பட்ட அளவு 51 சதவீதத்துக்குப் பதிலாக 93 சதவீதமாக இருந்தது.

பிரிட்டனின் பிரிஸ்டல் நகர மருத்துவமனையிலும் இதே போன்ற அனுபவம் பதிவாகியுள்ளது. பிரசவத்தின்போது குழந்தையின் தோள்பட்டை சிக்கிக்கொள்ளும் அவசர நிலையைக் கையாள, மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் சேர்ந்து மாதிரி உருவத்தில் பயிற்சி பெற்றனர். இத்தகைய பிரசவங்களில் குழந்தைகளுக்கு ஏற்பட்ட காயம் 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாகக் குறைந்ததாக 2008-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

பலன் அளித்த பயிற்சிகளிடையே பொதுவான சில கூறுகள் உள்ளன. கற்பிக்கப்பட்டது குறிப்பிட்ட ஒரு சிக்கலைக் கையாளும் செயல்முறை. பயிற்சி, பணியிடத்திலோ பணிச்சூழலை ஒத்த ஒத்திகையிலோ நடந்தது. கற்றதைச் செயல்படுத்தத் தேவையான மருந்தும் கருவியும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. மருத்துவர்கள் மட்டுமன்றி, பிரசவ அறையில் முதலில் இருக்கும் செவிலியரும் மருத்துவச்சியும் பயிற்சி பெற்றனர்.

செலவை ஏற்பது யார்?

மருத்துவக் கருத்தரங்குகளுக்கு மருந்து நிறுவனங்கள் நிதியளிப்பது நீண்டகால விவாதமாகும். 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசின் மருந்துத் துறை வெளியிட்ட மருந்து விற்பனை நடைமுறைகளுக்கான சீர்மை நெறிமுறை, மருத்துவர்களுக்குப் பரிசுப் பொருள்கள் வழங்குவதைத் தடை செய்கிறது. தொடர் கல்வி நிகழ்ச்சிகளுக்கு நிபந்தனைகளுடன் ஆதரவளிக்க அனுமதிக்கும் இந்த நெறிமுறை, அவற்றை வெளிநாடுகளில் நடத்துவதற்குத் தடை விதிக்கிறது.

இங்கு கவனிக்க வேண்டிய மற்றோர் அம்சமும் உண்டு. புதிய, விலை உயர்ந்த மருந்தைப் பற்றிய கருத்தரங்குக்கு நிதியளிக்க நிறுவனங்கள் முன்வரும். மலிவான ஆக்ஸிடோசினையும் மக்னீசியம் சல்ஃபேட்டையும் சரியான நேரத்தில் பயன்படுத்தும் பயிற்சியில் வணிக லாபம் இல்லை. ஆகவே அந்தப் பொறுப்பு அரசுகளையும் தொழில்முறை அமைப்புகளையுமே பெரிதும் சார்ந்துள்ளது.

குடும்பத்தினர் என்ன கேட்கலாம்?

பிரசவத்துக்காக மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்தினர், அங்கு லக்‌ஷ்யா அல்லது மான்யதா போன்ற தரச் சான்று உள்ளதா என விசாரிக்கலாம். இரவு நேரத்தில் பிரசவ அறையில் யார் இருப்பார், அவசர காலப் பயிற்சி ஒத்திகை நடத்தப்படுகிறதா, பிரசவத்துக்குப் பிறகு ரத்த இழப்பு எவ்வாறு அளக்கப்படுகிறது, தேவைப்பட்டால் ரத்தம் எங்கிருந்து பெறப்படும் ஆகிய கேள்விகளையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

30 மணி நேரம் என்ற விதி, மருத்துவர் தொடர்ந்து கற்க வேண்டும் என்ற கடமையை நினைவூட்டுகிறது. அந்த நேரத்தில் எவ்வளவு பங்கு பிரசவ அறை ஒத்திகைக்கும், எவ்வளவு பங்கு மாநாட்டு அரங்குக்கும் செல்கிறது என்பதை விதி கேட்பதில்லை. உரிமப் புதுப்பிப்பு விதிகள் மீண்டும் பரிசீலிக்கப்படும்போது, இந்தக் கேள்விக்கான விடையும் அவற்றில் இடம்பெற வேண்டியது அவசியமாகிறது.