லோரி டயரில் காற்று குறைந்தால் டீசல் ஏன் கூடுதலாகச் செலவாகிறது?

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் போகும்போது ஓரத்தில் கிழிந்து கிடக்கும் கறுப்பு ரப்பர் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். லோரி டயர்களிலிருந்து உரிந்து விழுந்தவை. ஆணி, கல் என்று பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் டயரை அப்படிக் கிழிக்கும் ஒரு முக்கியக் காரணம்தான் டீசலையும் வீணாக்குகிறது: சூடு.

டயர் சாலையைத் தொடும் இடத்தில் கொஞ்சம் நசுங்கும். சுழன்று மேலே போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். பெரிய லோரியில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இது 300 தடவைக்கு மேல் நடக்கிறது. நசுக்கக் கொடுத்த சக்தியை ரப்பர் முழுசாகத் திருப்பித் தராது, மிச்சம் வெப்பமாகிவிடும். இந்த இழப்புதான் உருளல் எதிர்ப்பு, அதாவது ரோலிங் ரெசிஸ்டன்ஸ்.

சுமை ஏற ஏற இதுவும் ஏறும். நெடுஞ்சாலையில் சீராக ஓடும் கனரக லோரியின் சக்கரங்களுக்குப் போகும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இதுவே விழுங்கிவிடுகிறது.

நல்ல டயர் போட்டால் எவ்வளவு மிச்சம்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே மாதத்திலிருந்து லோரி டயர்களுக்கும் ஏ முதல் இ வரை தரவரிசை ஒட்டவேண்டும். சி தர டயர், 1 டன் சுமைக்கு அதிகபட்சம் 6 கிலோ விசை அளவுக்கு லோரியைப் பின்னால் இழுக்கும். பி தரத்தில் அது அதிகபட்சம் 5 கிலோ. 40 டன் லோரிக்குக் கணக்குப் போட்டால் 240 கிலோ, 200 ஆகக் குறைகிறது. டீசலில் சுமார் 5 விழுக்காடு மிச்சம்.

கோலாலம்பூர்-ஜொகூர் பாரு பயணம் ஏறக்குறைய 330 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 35 லிட்டர் குடிக்கும் லோரி என்றால், ஒரு வழிக்கு 6 லிட்டர் அளவுக்கு மிச்சமாகும். மாதம் 20 தடவை போய் வந்தால் 240 லிட்டர். லிட்டர் 2 ரிங்கிட் 15 சென் என்று வைத்துக்கொண்டாலே மாதம் 500 ரிங்கிட்டுக்கு மேல். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் பம்பு விலை 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியபோது, தகுதிபெற்ற சரக்கு லோரிகளுக்கு ஃபிளீட் கார்டு வழி கிடைத்த சலுகை விலை அது. அப்போது கார்டு இல்லாத லோரிக்காரருக்கு அதே 240 லிட்டர் 800 ரிங்கிட் ஆனது.

புது டயர் வாங்கப் பணம் இல்லையா?

காற்றைப் பாருங்கள். எல்லா டயரிலும் 10 பிஎஸ்ஐ குறைந்தால் டீசல் செலவு அரை முதல் 1 விழுக்காடு வரை கூடும். அதைவிடப் பெரிய ஆபத்து, அதிகமாக நசுங்கும் டயர் உள்ளுக்குள் வெந்து, கடைசியில் வெடிப்பது.

இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பது போதாது. முழுசாகக் காற்று இறங்கிய டயரை அது காட்டிக்கொடுக்கும். 20 பிஎஸ்ஐ குறைந்ததை அந்தச் சத்தத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம். கேஜ் வைத்துத்தான் அளக்கவேண்டும், அதுவும் வண்டி கிளம்புவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது. ஓடிய டயரில் அழுத்தம் ஏறித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. இரட்டைச் சக்கரத்தில் உள்பக்க டயர் கைக்கு எட்டாது என்பதால், பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்.

மழையில் என்ன ஆகும்?

இங்கேதான் சிக்கல். தேய்ந்த டயரில் நசுங்குவதற்கு ரப்பர் குறைவு. அதனால் புதுசைவிட லேசாக உருளும், டீசலும் மிச்சமாகும். ஆனால் தண்ணீரை வெளியே தள்ளப் பள்ளம் இருக்காது. புது டயரிலும் உருளல் எதிர்ப்பை மட்டும் குறைத்தால் ஈரச் சாலையில் பிடிமானம் குறையலாம். சிலிக்கா கலந்த ரப்பர் அந்த இடைவெளியைக் கொஞ்சம் அடைக்கிறது. ஐரோப்பிய லேபிளில் எரிபொருளுக்கு ஒரு தரமும் ஈரச் சாலைப் பிடிமானத்துக்கு இன்னொரு தரமும் தனித்தனியாக இருப்பது அதனால்தான்.