சென்னையின் மேற்குப் புறநகரில் வீடு கட்டுமானமும் கட்டட அனுமதியும்

சென்னையின் மேற்குப் புறநகர் பாடியில் தொடங்குகிறது. வடக்குப் பக்கம் அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் வழியாகத் திருநின்றவூர் வரையிலும், தெற்குப் பக்கம் மதுரவாயல், திருவேற்காடு, பூந்தமல்லி வழியாகத் திருமழிசை வரையிலும் அது விரிகிறது. அரக்கோணம் ரயில் பாதையும் சி.டி.எச். ரோடு என்கிற சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையும் ஒரு பக்கத்துக்கு வழி, பூந்தமல்லி நெடுஞ்சாலை மறுபக்கத்துக்கு வழி. நடுவில் கூவம் ஆறு. இப்பகுதியில் வீடுகள் எழும்பிய விதத்தைப் புரிந்துகொள்ள, மக்கள்தொகைக் கணக்கை விடக் கட்டட அனுமதி விதிகளின் வரலாறுதான் அதிகம் உதவுகிறது. எந்தக் காலத்து விதி எதை அனுமதித்ததோ அந்த வடிவில்தான் அந்தக் காலத்து வீடு நிற்கிறது. விதியை மீறிக் கட்டியவற்றுக்கும் இது பொருந்தும், அனுமதி எங்கே எளிதாகக் கிடைக்கவில்லையோ அங்கேதான் மீறலும் பெருகியது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று ஊர்களுக்கும் மூன்று விதமான உள்ளாட்சி. அம்பத்தூர் நகராட்சி 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சியோடு இணைந்து 7ஆவது மண்டலமானது. ஆவடி 2019இல் நகராட்சியிலிருந்து தனி மாநகராட்சியாக உயர்ந்தது. பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள நகராட்சி. இவற்றுக்கு இடையிலும் ஓரத்திலும் திருவேற்காடு, திருநின்றவூர் நகராட்சிகள், திருமழிசைப் பேரூராட்சி, அயப்பாக்கம், காட்டுப்பாக்கம், சென்னீர்குப்பம் போன்ற ஊராட்சிகள். 2011 கணக்கெடுப்பின்படி அம்பத்தூரில் ஏறத்தாழ 4.66 லட்சம் பேர், ஆவடியில் 3.46 லட்சம் பேர், பூந்தமல்லியில் 57 ஆயிரம் பேர். வீடு கட்டுபவர் மனு கொடுக்கும் அலுவலகம், கட்டணம், குப்பை அள்ளுவது, மழைநீர்க் கால்வாய் எல்லாமே மனை எந்த எல்லைக்குள் விழுகிறது என்பதைப் பொறுத்து மாறும்.

தொடக்கத்தில் வீடு தொழிற்சாலையின் நிழலில்தான் வந்தது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கியது. டன்லப், பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். ஆகியவை பின்தொடர்ந்தன. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்து, 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. படைத்துறை உடைத் தொழிற்சாலையும் அந்தக் காலத்ததே. ஆவடியின் நிலத்தில் பெரும் பங்கு இன்றும் பாதுகாப்புத் துறையின் வேலிக்குள் இருக்கிறது. குவார்ட்டர்ஸில் குடியிருந்த தொழிலாளர்கள் ஓய்வுக்கு முன்பே திருமுல்லைவாயலிலும் பட்டாபிராமிலும் ஒரு மனை வாங்கிப் போட்டார்கள். ஊர் வேலிக்கு வெளியே துண்டு துண்டாக வளர்ந்ததற்கு இதுவே காரணம். வேலியை ஒட்டிய மனையில் கட்டுவதற்குத் தடையின்மைச் சான்று வேண்டும் என்பது இன்றும் அங்கே வாங்குவோர் முதலில் விசாரிக்கும் செய்திகளில் ஒன்று.

அடுத்த அலை வீட்டுவசதி வாரியத்தினுடையது. முகப்பேர், ஜெ.ஜெ. நகர், அயப்பாக்கம், கொரட்டூர், ஆவடி என்று வாரியக் குடியிருப்புகள் வரிசையாக வந்தன. உலக வங்கிக் கடனுதவியோடு நடந்த மனை-வசதித் திட்டத்தில் முகப்பேரும் இருந்தது. அந்தத் திட்டத்தில் அரசு வீடு கட்டித் தரவில்லை. மனையைப் பிரித்து, தெருவும் குழாயும் சாக்கடையும் போட்டுக் கொடுத்தது. வீட்டை அவரவர் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொண்டார்கள். ஓர் அறையில் தொடங்கிய அந்தச் சின்ன மனைகளில் இன்று மாடி மேல் மாடி நிற்கிறது, கீழே கடை, மேலே வாடகைக் குடித்தனம். மேற்குப் புறநகரில் நடந்த வீட்டுவசதி முயற்சிகளில் உருப்படியானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும், இங்கே தெரு முதலில் வந்தது, வீடு பிறகு வந்தது. அதே முகப்பேரில் ஏரிப் படுகையிலும் வாரியம் குடியிருப்பு அமைத்தது. ‘முகப்பேர் ஏரித் திட்டம்’ என்பது இன்றும் அங்கு வசிப்போரின் முகவரி.

வாரிய எல்லைக்கு வெளியே நடந்தது வேறு கதை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் வந்தது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் எழுபதுகளில் அமைந்து, 1,189 சதுர கிலோமீட்டர் பரப்புக்குப் பொறுப்பேற்றது. விளைநிலத்தை மனையாகப் பிரிக்க அதன் ஒப்புதல் கட்டாயம். ஆனாலும் ஆவடி, பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான மனைகள் கைமாறின. வயலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நான்கு மூலையில் கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, ஞாயிற்றுக்கிழமை வேனில் ஆட்களை அழைத்துவந்து விற்றார்கள். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது என்பது வாங்கியவர்களில் பலருக்குத் தெரியாது. பத்திரம் பதிவாகிவிட்டது, அது போதும் என்று நம்பினார்கள். சாலை இருபது அடியாகச் சுருங்கியதும், பூங்காவுக்கென்று காட்டிய இடம் பின்னர் இன்னொரு மனையாக விலைபோனதும் இந்தக் காலத்தில்தான்.

இந்த மனை விற்பனைக்குத் தடை விழுந்த நாள் 2016 செப்டம்பர் 9. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அன்று உத்தரவிட்டது. புறநகர்ப் பதிவு அலுவலகங்களில் வேலை ஏறத்தாழ நின்றே போனது. 2017 மே மாதம் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளை வெளியிட்டது. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை பெற வழி பிறந்தது. மகளின் கல்யாணத்துக்காக வாங்கிப்போட்ட மனையை விற்க முடியாமல் தவித்த குடும்பங்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் வரன்முறை காகிதத்தைச் சரி செய்தது, தெருவை அகலமாக்கவில்லை.

நிலத்தின் பழைய சிக்கல் இன்னொன்றும் உண்டு. 1978ஆம் ஆண்டின் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் 1999இல் நீக்கப்பட்டுவிட்டது. அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் அந்தச் சட்டத்தின் கீழ் உபரி என்று குறிக்கப்பட்ட சர்வே எண்களில் மனை வாங்கியவர்களை மட்டும் அது இன்னும் விடவில்லை. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருந்தும், நில உச்சவரம்புப் பதிவேட்டில் அந்த எண் இருந்ததால் வங்கிக் கடன் நின்றுபோவது இங்கே வழக்கமான அனுபவம்.

அனுமதி இரண்டு படியாக வருகிறது. திட்ட அனுமதி என்பது கட்டடம் நகரமைப்பு விதிக்குப் பொருந்துகிறதா என்பதைப் பார்ப்பது. அதன் அடிப்படையில் உள்ளாட்சி தருவது கட்டட அனுமதி. எட்டு வீடுகளுக்கும் 10,000 சதுர அடிக்கும் உட்பட்ட குடியிருப்புகளுக்கு இரண்டையும் உள்ளாட்சியே தரலாம். அதற்கு மேற்பட்டவை குழுமத்துக்குப் போகும். 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநிலம் முழுமைக்கும் ஒரே விதிப்புத்தகத்தைக் கொடுத்தன. ஒரு கிரவுண்டு மனையை வைத்துப் பார்த்தால் அதன் விளைவு தெளிவாகத் தெரியும். மனை 2,400 சதுர அடி. 2008ஆம் ஆண்டின் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் சாதாரணக் கட்டடத்துக்கான தளப்பரப்புக் குறியீடு 1.5, ஆகவே 3,600 சதுர அடி கட்டலாம். 2019 விதியில் அது 2 ஆனது, அதே மனையில் 4,800 சதுர அடி. உயரமான கட்டடம் அல்லாதவற்றின் உச்ச உயரமும் 18.3 மீட்டராக உயர்ந்தது. முன்பு கார் நிறுத்தும் தளத்துக்கு மேல் மூன்று மாடியோடு நின்ற ‘ஸ்டில்ட் பிளஸ் த்ரீ’, அகலமான சாலையும் போதிய மனையும் உள்ள இடங்களில் ஐந்து மாடி வரை ஏறியது.

அம்பத்தூரிலும் முகப்பேரிலும் பழைய தனி வீடுகள் இடிபடுவதற்கு இந்தக் கணக்குதான் பெரிய தூண்டுதல். வீட்டுக்காரர் நிலத்தைக் கொடுக்கிறார், பில்டர் கட்டித் தருகிறார், முடிந்ததும் வீடுகளைப் பேசிக்கொண்டபடி பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இதை ‘ஜாயிண்ட் வெஞ்சர்’ என்பார்கள். வாங்குபவருக்கு வீட்டோடு ‘யு.டி.எஸ்.’ என்கிற பிரிக்கப்படாத நிலப் பங்கு எழுதித் தரப்படும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாத அல்லது வீடுகள் எட்டுக்கு மிகாத திட்டங்கள் பதிவு செய்யப்பட வேண்டியதில்லை. இரண்டு கிரவுண்டு என்பது 446 சதுர மீட்டர்தான். அதனால் இப்பகுதியின் சின்ன அடுக்குமாடிகளில் பெரும்பாலானவை ரெராவின் பார்வைக்குள் வராமலேயே விற்றுப்போகின்றன. நடுத்தரக் குடும்பம் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்குவது இந்த வகை வீட்டைத்தான். பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் இடத்தில் அது மிகக் குறைவாக இருப்பது இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை.

பணி நிறைவுச் சான்றின் கதையும் இதைப் போன்றதே. 2019 விதிகள் மின் இணைப்புக்கும் குடிநீர் இணைப்புக்கும் அந்தச் சான்றைக் கட்டாயமாக்கின. 12 மீட்டர் உயரம், மூன்று வீடு, 750 சதுர மீட்டர் என்ற வரம்புக்குள் அடங்கும் குடியிருப்புகளுக்கு மட்டும் விலக்கு. உடனே மனைக்கு மூன்று வீடு என்ற வரைபடம் எங்கும் பெருகியது. வரைபடத்தில் மூன்றாகவும் கட்டி முடித்தபின் நான்காகவும் இருந்த வீடுகளும் உண்டு. பின்னர் இந்த வரம்பு தளர்த்தப்பட்டது.

2024 ஜூலையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த சுயசான்றுத் திட்டம் சிறிய வீடு கட்டுவோருக்கு அண்மையில் கிடைத்த பெரிய மாற்றம். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது ஒரு மாடியோடு கட்டும் வீட்டுக்கு, இணையத்தில் ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் கட்டியதும் அனுமதி வந்துவிடும். அலுவலர் வந்து பார்த்துக் கையெழுத்திடும் வரை காத்திருக்க வேண்டாம். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆவடியில் ஒரு கிரவுண்டு வைத்திருப்பவர் இப்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 3,500 சதுர அடியோடு நிறுத்திக்கொண்டு உடனே அஸ்திவாரம் தோண்டலாம், அல்லது 4,800 சதுர அடிக்கு வழக்கமான வழியில் மனு போட்டுக் காத்திருக்கலாம். தான் குடியிருக்கக் கட்டுபவர் முதல் வழியில் போகிறார். வாடகைக்கோ விற்பனைக்கோ கட்டுபவருக்கு இரண்டாவதே கட்டுப்படியாகும்.

சாலையும் ரயிலும் வீட்டின் திசையைத் தீர்மானித்தன. மதுரவாயல் முதல் புழல் வரையிலான பைபாஸ் அம்பத்தூரின் மேற்கு ஓரத்தைத் திறந்தது. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் முதல் பகுதி 2014இல் நெமிலிச்சேரி வரை வந்தது, மொத்த நீளம் 62 கிலோமீட்டர். அதன் இரு பக்கமும் மனைப்பிரிவுகள் முளைத்தன. பூந்தமல்லிக்குப் பின்னால் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. 1998இல் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு அந்த வழியெங்கும் வாடகைக் குடித்தனம் பெருகியது. மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 4ஆவது வழித்தடம் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை 26.1 கிலோமீட்டர் நீளமுடையது. 2025 மார்ச்சில் பூந்தமல்லிப் பணிமனைப் பக்கம் சோதனை ஓட்டம் நடந்தது. கரையான்சாவடி, குமணன்சாவடி, காட்டுப்பாக்கம் பகுதிகளில் தூண்கள் எழுந்த காலத்திலேயே அடுக்குமாடிகளும் எழுந்தன. ஆவடிப் பக்கம் 2024 நவம்பரில் பட்டாபிராம் டைடல் பூங்கா 21 மாடிகளோடு திறக்கப்பட்டது. கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை மெட்ரோ நீட்டிப்புக்குத் திட்ட அறிக்கையும் தயாராகியிருக்கிறது. சி.டி.எச். ரோடு அகலப்படுத்தும் பணி இழுத்துக்கொண்டே போகும்போது, விளம்பரப் பலகைகளில் அந்த மெட்ரோ மட்டும் வந்துவிட்டது.

வடக்கு ஓரத்தில் வேறொரு கட்டுப்பாடு இருக்கிறது. ஆவடிக்கு வடக்கே உள்ள பல கிராமங்கள் புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் வருகின்றன. சென்னையின் குடிநீரைக் காப்பதற்காக அங்கே கட்டுமான அடர்த்திக்கு வரம்பு உண்டு. அந்தப் பக்கம் மனை விலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், வாங்குவோரிடம் இதை விற்பவர் எப்போதும் சொல்வதில்லை. மற்ற இடங்களில் அம்பத்தூர், கொரட்டூர், அயனம்பாக்கம், பருத்திப்பட்டு ஏரிகளின் வரத்துக்கால்வாய்களும் உபரிநீர்ப் பாதைகளும் மனைப்பிரிவுகளுக்குள் சிக்கிக் கிடக்கின்றன. 2015 டிசம்பரில் நொளம்பூரின் தாழ்வான தெருக்களில் கூவம் ஏறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் கொரட்டூரும் நாள்கணக்கில் நீரில் நின்றன.

பழைய அம்பத்தூர்த் தெருக்களில் நடந்தால் அனுமதி விதி எதைக் கவனிக்காமல் விட்டது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். எண்பதுகளில் கட்டிய வீட்டின் வாசல் இன்று தெருவை விடத் தாழ்ந்திருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒவ்வொரு முறையும் புதுச் சாலை போட்டதால் தெரு உயர்ந்துகொண்டே வந்தது. பக்கத்து மனையில் புதிதாகக் கட்டுபவர் தன் தளத்தை இன்னும் மூன்றடி உயர்த்திக் கட்டுகிறார். அவர் வீட்டில் தண்ணீர் புகாது, பழைய வீட்டுக்குள் போகும். இரண்டு வீட்டுக்கும் முறையான அனுமதி இருக்கிறது. 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு அமைப்பும் இரண்டிலும் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டின் தளமட்டத்தையும் தெருவின் மட்டத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பத்தி அனுமதிப் படிவத்தில் இல்லை.

இப்பகுதியில் எத்தனை வீடு கட்டப்படுகிறது என்பதை அனுமதி எண்ணிக்கையிலிருந்து நேரடியாகச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் கணக்கெடுப்பு அலுவலகம் கட்டட அனுமதிகளை மாதந்தோறும் திரட்டி வெளியிடுகிறது, அதைப் பார்த்து வங்கிகளும் சந்தையும் முடிவெடுக்கின்றன. இங்கே ஒரே சாலையின் இரு பக்கத்து அனுமதிகள் இரண்டு உள்ளாட்சிகளின் கணக்கிலும் மூன்றாவதாகக் குழுமத்தின் கணக்கிலும் பிரிந்து கிடக்கும். வாங்கிய அனுமதியில் கட்டாதவர் உண்டு, அனுமதிக்கு மேல் ஒரு மாடி எழுப்பியவரும் உண்டு. அதனால் வீடுகளின் உண்மையான எண்ணிக்கைக்கு மின் இணைப்புகளும் சொத்துவரி விதிப்புகளும் நெருக்கமான சான்று. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிறது. திருமழிசையையும் திருவள்ளூரையும் புதுநகரங்களாக வளர்க்கும் திட்டமும் சேர்ந்து வருவதால், மேற்குப் புறநகரின் எல்லையே இனி இன்னும் மேற்கே தள்ளித்தான் குறிக்கப்படும்.