சுவர் வரை நீண்ட கோடு: போர்ஷே 911ஐ அதன் சொந்த வீட்டாரே கைவிடப் பார்த்த கதை

பழைய காரைக் குடுத்து, மேலே கொஞ்சக் காசு போட்டு, அதைவிட வேகமான ஒண்டை எடுப்பது எந்த நாட்டிலும் நடக்கிற வியாபாரம்தான். விற்றவர் இரண்டு நாள் கவலைப்படுவார். புதுக் காரின் சாவி கையில் இருக்கும்போது அந்தக் கவலை நிலைக்காது. ஆனால் ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் இருக்கிற ஒரு கொம்பனி, தன்னிடம் கார் வாங்கிய சனம் முழுவதையும் பார்த்து, "நீங்கள் ஆசையாய் வைத்திருப்பதை விடுங்கள், அதைவிடத் திறமான ஒண்டு செய்திருக்கிறம்" எண்டு அரை நூற்றாண்டுக்குள் மூன்று தடவை கேட்டிருக்கிறது. மூன்று தடவையும் வேறு வேறு பதில்தான் வந்தது. போர்ஷேயின் வரலாறு என்றால் எல்லாரும் பந்தய வெற்றிகளைத்தான் கதைப்பார்கள். எனக்கு அதைவிட இந்தக் கேள்விகள்தான் சுவாரசியம்.

முதலாவது கேள்விக்கு வர முதல், அந்தக் காரின் பிறப்பைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஃபேர்டினன்ட் போர்ஷே ஹிட்லருடைய ஆட்சிக்காக வொல்க்ஸ்வாகன் 'பீட்டில்' காரை வடிவமைத்தவர். யுத்த காலத்தில் வொல்க்ஸ்வாகன் தொழிற்சாலை கட்டாய உழைப்பில்தான் ஓடியது. அழகான கார்களின் படங்களைப் பார்க்கும்போது இதை மறந்துவிடுவது சுகம், ஆனால் மறக்கக்கூடாது. யுத்தம் முடிந்தபிறகு, 1948இல், அவருடைய மகன் ஃபெரி போர்ஷே ஒஸ்ரியாவின் க்முண்ட் என்ற சின்ன ஊரில் வொல்க்ஸ்வாகன் பாகங்களைக் கொண்டு 356 என்ற காரைக் கட்டினார். இஞ்சின் பின்னுக்கு. நான்கு சிலிண்டர். ரேடியேற்றரும் இல்லை, தண்ணியும் இல்லை, காற்றுத்தான் சூட்டைக் கொண்டுபோகும். இதை விளங்கப்படுத்த எங்கட ரோட்டில் ஓடும் பஜாஜ் ஆட்டோ போதும். அதிலும் இஞ்சின் பின்சீற்றுக்குப் பின்னால், அதையும் காற்றுத்தான் குளிர்விக்கிறது.

15 வருடத்துக்கும் மேலாக 356 ஓடியது. 1963 செப்டெம்பரில் பிராங்பேர்ட் மோட்டார் கண்காட்சியில் அதன் இடத்துக்கு 901 என்ற கார் வந்தது. ஃபெரியின் மகன் ஃபேர்டினன்ட் அலெக்சாண்டர் வரைந்தது. நடுவில் பூச்சியம் வரும் மூன்றிலக்கப் பெயர்கள் பிரான்சில் தங்களுக்குரியவை என்று பேஜோ கொம்பனி ஆட்சேபிக்க, பெயர் 911 ஆனது. ஆறு சிலிண்டர், 2 லீற்றர், 130 குதிரைவலு. பழைய 356ஐவிட எல்லா விதத்திலும் பலமானது. விலையும் அப்படியே ஏறியது.

இப்ப 911ஐக் கோயில் மாதிரிக் கும்பிடுகிற ஆட்களுக்கு, அதுவும் ஒரு காலத்தில் வேண்டாத விருந்தாளியாய் வந்தது என்பது அவ்வளவாக நினைவில் இல்லை. விலை சனத்துக்கு எட்டாது என்று கொம்பனிக்கே தெரிந்திருந்தது. அதனால் 911இன் உடம்புக்குள் 356இன் நான்கு சிலிண்டர் இஞ்சினைப் பூட்டி, 912 என்ற பெயரில் 1965இல் மலிவாக விற்றார்கள். 356இன் உற்பத்தி 1965இல் முடிந்தது, ஆனால் முழுதாக முடியவில்லை: நெதர்லாந்துப் பொலிசுக்காக 1966இல் இன்னும் பத்து கார்கள் கட்டிக் குடுக்கவேண்டியிருந்தது. புதுசு வந்து மூன்று வருடத்துக்குப் பிறகும் பழசைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள், அதுவும் பொலிஸ்! இருந்தாலும் முதலாவது கேள்விக்குச் சனத்தின் பதில் 'ஓம்'தான்.

பிறகு 911 மீது வந்த விருப்பத்தை விளங்க அதன் குறையைத் தெரியவேண்டும். இஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து காலை எடுத்தால் பாரம் முன்னுக்குச் சாய்ந்து, பின்சக்கரங்களின் பிடி தளர்ந்து, வால் சுழன்று முன்னுக்கு வரப்பார்க்கும். பயந்தவனை இன்னும் பயப்படுத்துகிற கார். பொறியியலாளர்கள் இதோடு பல வருடம் மல்லுக்கட்டினார்கள். ஒரு கட்டத்தில் முன் பம்பருக்குள் இரும்புப் பாரம் வைத்தே சமாளித்திருக்கிறார்கள். 1969 மொடலில் முன் பின் சக்கரங்களுக்கிடையிலான தூரத்தை 57 மில்லிமீற்றர் கூட்டினார்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு திருத்தம். அடிப்படையில் பிழையான இடத்தில் இருக்கும் இஞ்சினைச் சரியான இடத்துக்கு மாற்றாமல், மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஓட்டுகிறவர்களும் அதற்கேற்ற மாதிரித் தங்களை மாற்றிக்கொண்டார்கள். வளைவுக்கு முதலே வேகத்தைக் குறை, வளைவுக்குள் காலை எடுக்காதே. கஷ்டப்பட்டுப் பழகிய ஒன்றை ஆட்கள் லேசில் விடமாட்டார்கள். 911இன் ரகசியம் என்று பலர் சொல்வதில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது கேள்விதான் இந்தக் கதையின் நடு.

1972இல் போர்ஷே பங்கு நிறுவனமானது. குடும்பத்தார் நிர்வாகப் பதவிகளிலிருந்து விலகினார்கள். தலைமைக்கு வந்தவர் ஏர்ன்ஸ்ட் ஃபூர்மன். இவரைப் பழமையின் எதிரி என்று எழுதுவது வழக்கம், அது அநியாயம். 1950களில் போர்ஷேயின் புகழ்பெற்ற நான்கு கேம்ஷாஃப்ட் பந்தய இஞ்சினைச் செய்தவரே இந்த ஃபூர்மன்தான். அவருடைய பயம் நியாயமானது. 1965இல் ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகம், பின்னுக்கு இஞ்சின் உள்ள காற்றில் குளிரும் அமெரிக்கக் காரான ஷெவ்ரொலே கோர்வெயரைக் கூண்டில் ஏற்றியிருந்தது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன, 1970இல் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இறுகியது, சத்தத்துக்கும் வரம்பு வந்துகொண்டிருந்தது. போர்ஷேயின் பெரிய சந்தையே அமெரிக்காதான். காற்றில் குளிரும் இஞ்சின் இயல்பிலேயே சத்தம் கூடியது. இதுக்கு எதிர்காலம் இல்லை என்று ஃபூர்மன் கணக்குப் போட்டார்.

அவருடைய பதில் 928. 1977இல் ஜெனீவாவில் காட்டினார்கள். இஞ்சின் முன்னுக்கு, தண்ணியில் குளிரும் 4.5 லீற்றர் வி8, கியர்பெட்டி பின்னுக்கு. அதனால் பாரம் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்தது, வால் சுழலும் பயம் போனது. அடுத்த வருடம் ஐரோப்பாவின் 'ஆண்டின் சிறந்த கார்' பரிசும் கிடைத்தது. அந்த நேரம் விற்ற சாதாரண 911 எஸ்.சி.க்கு 180 குதிரைவலு, 928க்கு 240. காகிதத்தில் பார்த்தால் யோசிக்க ஒண்டுமே இல்லை. பழசைக் குடுத்துவிட்டு இதை எடுக்கவேண்டியதுதான்.

சனம் எடுக்கவில்லை. இல்லை, எடுத்தது, ஆனால் வேறு சனம். தூரப் பயணத்துக்குச் சொகுசாய் ஒரு கார் வேணும் என்று நினைத்த வசதியான ஆட்கள் 928ஐ வாங்கினார்கள். 1983இல் வந்த 'ரிஸ்கி பிஸினஸ்' படத்தில் டொம் குரூஸ் ஏரிக்குள் விடும் கார், அவருடைய பாத்திரத்தின் அப்பாவுடைய 928. அப்பாவின் கார்! இதைவிட நல்ல விளக்கம் இல்லை. 911 வைத்திருந்தவர்களோ தங்கள் 911ஐயே வைத்திருந்தார்கள், இல்லாட்டி இன்னொரு 911 வாங்கினார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. வலுதான் கேள்வி என்றால் அதற்கும் 911இடம் பதில் இருந்தது. 1974இல் அறிமுகமான 911 டர்போவுக்கு 260 குதிரைவலு. அதாவது மூன்று வருடம் கழித்து வந்த 928ஐவிடக் கூட. அந்த டர்போவை ரோட்டுக்குக் கொண்டுவந்ததும் இதே ஃபூர்மனின் காலம்தான். கைவிட நினைத்த பிள்ளைக்கு அவரே சாப்பாடு போட்டு வளர்த்திருக்கிறார்.

எண்டாலும் திட்டம் திட்டம்தான். 911க்கான புது வேலைகள் குறைந்துகொண்டு வந்தன. 1981இன் தொடக்கத்தில் ஃபூர்மனின் இடத்துக்கு பீட்டர் சூட்ஸ் வந்தார். 1930இல் பேர்லினில் பிறந்தவர், தகப்பன் யூதர். நாசிகளுக்குப் பயந்து குடும்பம் கியூபாவுக்கு ஓடி, அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனது. ஹிட்லருக்குக் கார் வடிவமைத்தவரின் பெயரைத் தாங்கிய கொம்பனிக்கு, ஹிட்லரால் துரத்தப்பட்ட ஒரு பெடியன் ஐம்பது வயதில் தலைவராய் வருகிறான். போர்ஷே பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு விளங்குவதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததாகச் சொல்லப்படுவது பிரபலமான கதை. வந்த சில வாரங்களில் சூட்ஸ், பொறியியல் தலைவர் ஹெல்முத் பொட்டின் அறைக்குப் போகிறார். சுவரில் ஒரு அட்டவணை. 928க்கும் 944க்குமான கோடுகள் எதிர்காலத்துக்குள் நீண்டு போகின்றன. 911இன் கோடு 1981இல் நிற்கிறது. சூட்ஸ் ஒரு கறுப்பு மார்க்கரை எடுத்து அந்தக் கோட்டை நீட்டுகிறார். அட்டவணை முடிந்தும் நிறுத்தவில்லை. சுவரில் கீறி, அறைக் கதவு வரை கொண்டுபோகிறார்.

நல்ல காட்சி. ஆனால் இதைப் பிற்காலத்தில் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொன்னவர் சூட்ஸ்தான் என்பதையும் கவனிக்கவேண்டும். தன்னைப்பற்றித் தானே சொல்லும் கதையை வரலாற்று மாணவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்கவேண்டும். மார்க்கர் கதை அப்படியே நடந்திருந்தாலும், கோட்டை நீட்டியது ஒரு கை மட்டும் இல்லை. புதுக் காரைக் காட்டியபோது "வேண்டாம், பழசையே தா" என்று நின்ற ஆட்கள் இல்லாவிட்டால் அந்த மார்க்கருக்கு வேலையே இருந்திராது. தொழிற்சாலைக்குள்ளும் 911 போவதைப் பொறுக்காத பொறியியலாளர்கள் இருந்தார்கள், பொட்டும் அதில் ஒருவர். 1981 செப்டெம்பரிலேயே பிராங்பேர்ட்டில் திறந்த கூரை 911 ஒன்றைக் காட்ட அவர்களால் முடிந்தது.

ஆக இரண்டாவது பதில் 'மாட்டம்'. 928 செத்துவிடவில்லை, 1995 வரை மரியாதையாய் வாழ்ந்தது. மொத்தம் கிட்டத்தட்ட 61,000 கார்கள். ஓட்டுகிற கருவி என்ற அளவில் 928தான் சிறந்த கார் என்று எனக்குப் படுகிறது. அதைச் சொல்லிக் கேட்கத்தான் ஆள் இல்லை.

இங்கே கதை முடிந்தால் 'பழமை வென்றது' என்று எழுதிவிட்டுப் போகலாம். 1980களின் நடுவில் வருடத்துக்கு 50,000க்கு மேல் விற்ற போர்ஷே, டொலர் சரிந்ததும் ஆட்டம்கண்டது. சூட்ஸ் 1987 முடிவில் போனார். 1993இல் அமெரிக்காவில் 4,000 கார்கூட விற்கவில்லை. வெண்டலின் வீடெகிங் தலைவராகி, ஜப்பானிய ஆலோசகர்களைக் கூப்பிட்டுத் தொழிற்சாலையையே மாற்றினார். கையால் பொறுமையாய்க் கட்டுகிற கார், விரும்புகிறவர்களுக்கு வடிவு. கட்டுகிற கொம்பனிக்கு அதுவே சுருக்குக் கயிறு.

மூன்றாவது கேள்வி 1997இல் வந்தது. பெயர் 911தான், உள்ளுக்குள் வேறு கார். 996 என்று அழைக்கப்பட்ட அதற்குத் தண்ணியில் குளிரும் இஞ்சின், 3.4 லீற்றர், 300 குதிரைவலு. அதற்கு முன்னிருந்த 993இன் சாதாரண மொடல் தொடங்கியபோது 272. சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்து வலுவைக் கூட்டி, புகையையும் சத்தத்தையும் குறைக்கவேண்டும் என்றால் தண்ணி தேவை. ஃபூர்மன் இருபது வருடத்துக்கு முன் சொன்ன காரணங்கள்தான்! செலவைக் குறைக்க, முன்பக்கத்தை மலிவான பொக்ஸ்டர் காரோடு பங்கிட்டார்கள். காலங்காலமாக வட்டமாய் இருந்த முகப்பு விளக்குகள் உருகி வழிந்த மாதிரி ஆனதால் 'பொரித்த முட்டை' எண்டு பட்டப்பெயர் வந்தது.

இந்தத் தடவை சனம் குடுத்து வாங்கியது. 993கள் கைமாறின, 996கள் வீடு போய்ச் சேர்ந்தன. 993 கிட்டத்தட்ட 68,000 விற்ற இடத்தில் 996 ஒரு லட்சத்து 75,000 விற்றது. கொம்பனி பிழைத்தது. கடைசி 993 தொழிற்சாலையை விட்டுப் போனது 1998 மார்ச்சில், அதே மாதம் 27ஆம் திகதி ஃபெரி போர்ஷேயும் இறந்துபோனார்.

கவலை பிறகுதான் வந்தது. 996இன் இஞ்சினுக்குள் இருந்த ஒரு பெயரிங் சில கார்களில் உடைந்து முழு இஞ்சினையும் நாசமாக்கியது, வழக்கு வரை போனது. மறுபக்கம், இனிக் காற்றில் குளிரும் போர்ஷே வரவே வராது என்பது உறைக்க, 993இன் விலை ஏறத்தொடங்கியது. இன்றைக்கு நல்ல 993 ஒண்டின் விலைக்குச் சில 996கள் வாங்கலாம். கலிஃபோர்னியாவில் 2014இலிருந்து காற்றில் குளிரும் போர்ஷேக்களுக்கு மட்டும் என்று ஒரு கூட்டமே நடக்கிறது, அதன் பெயரே 'காற்றில் குளிர்ந்தது' என்பதற்கான ஜேர்மன் சொல். அதேநேரம், மலிவாய்க் கிடைக்கும் 911 அதுதான் என்பதால் 996ஐத் தேடி வாங்குகிற இளம் ஆட்களும் இருக்கிறார்கள். பொரித்த முட்டை விளக்கே தங்களுக்கு விருப்பம் என்கிறார்கள்.

பத்து லட்சமாவது 911 2017 மே மாதம் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. அதிலும் தண்ணிதான் ஓடுகிறது, இஞ்சின் இன்னும் பின் அச்சுக்குப் பின்னால்தான். முகப்பு விளக்குகளை மட்டும் 2004இலேயே திரும்ப வட்டமாக்கிவிட்டார்கள்.