பொறுப்புத் தலைவர்கள்

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் தொடங்கியது 1934-ல். அதன் நிரந்தரத் தலைவர் நாற்காலியில் ஒரு பெண் உட்கார 2023 வரை ஆச்சு. கொலீன் ஷோகன், பதினோராவது தலைவர்.

அதுக்கு முன்னாடி பெண்களே தலைமை தாங்கவில்லையா? தாங்கினார்கள், ‘பொறுப்பு’ என்ற ஒட்டோடு. எனக்கு ரொம்ப உறுத்துவது ட்ரூடி ஹஸ்காம்ப் பீட்டர்சன் விஷயம்தான். காப்பகத்துக்குள்ளேயே பல வருஷம் வேலை பார்த்து, ஆவணத் தொழிலின் நெளிவுசுளிவு தெரிந்தவர். 1993-லிருந்து 1995 வரை, இரண்டு வருஷத்துக்கு மேல, காப்பகத்தை நடத்தினார். நிரந்தரப் பதவியோ ஜான் கார்லினுக்குப் போச்சு. அவர் கன்சாஸ் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர், அரசியல்வாதி. அனுபவம் போதாதுன்னு பீட்டர்சனைப் பற்றி யாரும் சொல்லியிருக்க முடியாது.

2008-ல் ஏட்ரியன் தாமஸ், 2022-ல் டெப்ரா வால். இவர்களும் பொறுப்புத் தலைவர்களே. ஷோகன்கூட அரசியல் அறிவியல் படித்தவர், ஆவணக் காப்பாளர் அல்ல. 2025 பிப்ரவரியில் ட்ரம்ப் அவரையும் நீக்கிவிட்டார்.