அச்சு நின்ற பிறகும் ஆடப்படும் சீட்டு

‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் 1994 மே மாதம் தன் ஏழாவது பருவத்தோடு முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் அதன் மாலுமிகளும் விண்கலங்களும் சீட்டுகளாகிக் கடைக்கு வந்தார்கள். வெளியிட்டது அமெரிக்காவின் நார்ஃபோக் நகரிலிருந்த டெசைஃபர் நிறுவனம். முதல் தொகுப்பில் 363 வகைச் சீட்டுகள். ஓவியர் யாரையும் தேடாமல், தொடரின் காட்சிகளையே படமாக எடுத்து அச்சிட்டிருந்தார்கள். பார்த்த காட்சியையே கையில் பிடித்து ஆடலாம் என்பதே ரசிகர்களுக்குப் பெரிய ஈர்ப்பு.

இதற்கு வழி போட்டுக் கொடுத்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதக்காரர். 1993இல் வந்த அவருடைய ‘மேஜிக்: தி கேதரிங்’, எல்லாருக்கும் பொதுவாக ஒரே கட்டு என்ற பழைய வழக்கத்தை மாற்றியது. அவரவர் சேர்த்த சீட்டிலிருந்து அவரவர் கட்டைத் தயார் செய்துகொண்டு வரவேண்டும். சீட்டு விற்பனைக்கு வந்தது மூடிய பொட்டலங்களில். டெசைஃபரின் பொட்டலத்தில் 15 சீட்டு இருக்கும். உள்ளே என்ன என்பது பிரித்தால்தான் தெரியும். அரிய சீட்டு வேண்டுமென்றால் இன்னொரு பொட்டலம் வாங்கு, இல்லையென்றால் வைத்திருப்பவனிடம் மாற்றிக்கொள். விளையாட்டும் வியாபாரமும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தன.

ஆட்டம் எப்படி? மேசையின் நடுவில் கிரகங்களும் விண்வெளிப் பகுதிகளும் ஒரு வரிசையாக விரிக்கப்படும். ஒவ்வொன்றிலும் முடிக்கவேண்டிய பணி ஒன்று. அதற்கு இத்தனை புள்ளி. ஆட்கள், கலங்கள், கருவிகள் எல்லாம் கைச்சீட்டில். ஒவ்வொரு ஆளுக்கும் நேர்மை, சாமர்த்தியம், வலிமை என மூன்று எண்கள். மருத்துவம், பொறியியல், ராஜதந்திரம் போன்ற திறமைகள் தனி. தகுந்த ஆட்களைக் கலத்தில் ஏற்றி, பணியிடத்தில் இறக்கி, முதலில் 100 புள்ளி எட்டியவர் வென்றார்.

ஆனால் பணியின் அடியில் எதிராளி முன்கூட்டியே சில தடைச் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார். ஒன்று நோயாக இருக்கும், ஒன்று எதிரிக் கலமாக இருக்கும், ஒன்று அவிழ்க்கவேண்டிய புதிராக இருக்கும். ஆட்களை இறக்கிய பிறகுதான் அது திரும்பும்.

பாலக்காடு–பொள்ளாச்சிச் சாலையில் இருக்கும் எலப்புள்ளிப் பக்கத்தில் இதை விளக்க அதிகம் பாடுபடவேண்டாம். கேரளம் முழுக்கப் பழகிய ‘இருபத்தெட்டு’ ஆட்டத்திலும் ஏலம் எடுத்தவர் துருப்பைக் கவிழ்த்துத்தான் வைக்கிறார். நாலு பேர், 32 சீட்டு. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் தலா 1, கூட்டினால் 28. துருப்பு எது என்று தெரியாமல் இறக்கும் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு நெஞ்சுத் துணிவு வேண்டும். நார்ஃபோக்கில் விற்றதும் அந்தத் துணிவைத்தான், விண்வெளி உடையில்.

வித்தியாசம் வேறிடத்தில். இருபத்தெட்டுக்கு முதலாளி கிடையாது. எந்தக் கடையில் வாங்கிய கட்டானாலும் சரி, விதி ஆடுபவர் தலையில் இருக்கிறது. ஈழத்தமிழர் ஆடும் ‘முந்நூற்றி நாலு’ம் அப்படியே; புலம்பெயர்ந்தவர்களோடு அதுவும் புறப்பட்டுப் போயிற்று. ஸ்டார் ட்ரெக் சீட்டு மட்டும் அச்சகத்தையும் உரிம ஒப்பந்தத்தையும் நம்பிப் பிழைத்தது. தொடக்கத்தில் டெசைஃபரிடம் ஒரே ஒரு தொடருக்குத்தான் உரிமை. பிறகு திரைப்படம், ‘டீப் ஸ்பேஸ் நைன்’, ‘வாயேஜர்’ என்று உரிமை விரிய விரியத் தொகுப்புகள் வந்துகொண்டே இருந்தன. 2000இல், பெருகிக்கொண்டே போகும் ‘டிரிபிள்’ என்ற மயிர்ப்பந்துப் பிராணிகளை வைத்து ஒரு குட்டி ஆட்டத்தையும் உள்ளே நுழைத்தார்கள். ஒன்றின்மேல் பத்து, பத்தின்மேல் நூறு என்று இலட்சம் வரை அடுக்கிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். சின்னப் பிள்ளைகளும் ஆடலாம்.

பெரிய ஆட்டமோ நேர்மாறாகக் கனத்துக்கொண்டே போனது. புதுச் சீட்டு வரும்போதெல்லாம் பழைய சீட்டோடு அது எப்படி ஒத்துப்போகும் என்று தீர்ப்புச் சொல்லவேண்டியிருந்தது. விளக்கங்கள் குவிந்தன, புதிதாக வருபவர் மிரண்டார். 2002இல் டெசைஃபர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. ஆளுக்கு ஐந்து பணி; தடைச் சீட்டுகள் தனிக் கட்டாக ஒதுங்கின. எத்தனை ஆட்களை அனுப்புகிறாயோ அதைப் பொறுத்து எதிராளி தடைகளை எடுப்பார். கூட்டமாகப் போனால் தடையும் கூடும்.

எளிமைப்படுத்தியும் கடைக் கணக்கு நெடுங்காலம் தாங்கவில்லை. 2007 டிசம்பரோடு டெசைஃபரின் வெளியீடு நின்றது. கடைச் சரக்கின் வரலாறு வழக்கமாக இங்கே முடிந்துவிடும்.

முடியவில்லை. ஆட்டக்காரர்களே ‘கண்டினியூயிங் கமிட்டி’ என்ற தன்னார்வக் குழுவாகச் சேர்ந்தார்கள். பெயரும் தொடரின் கற்பனை உலகிலிருந்தே எடுத்தது. விதிகளைத் திருத்துவது, புதுச் சீட்டுகளை வடிவமைத்துச் சோதிப்பது, போட்டிகள் நடத்துவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. புதிய சீட்டுகள் கணினிக் கோப்பாக இலவசமாக வருகின்றன. வீட்டில் அச்சிட்டு, கத்தரித்து, பழைய சீட்டோடு உறைக்குள் செருகி ஆடவேண்டியதுதான். பொட்டலத்தைப் பிரிக்கும் படபடப்பு போயிற்று. காசுள்ளவன் கையில்தான் அரிய சீட்டு என்ற நிலையும் அதோடு போயிற்று.

வியாபாரப் பொருளாகப் பிறந்தது பிற்பாதி வாழ்க்கையில் ஊர்ச் சீட்டாட்டத்தின் வழிக்கு வந்திருக்கிறது. விற்பவர் விலகியபோது மிஞ்சியவை விதிகளும், அவற்றுக்காக மல்லுக்கட்டும் ஆட்களும். ஒரு ஆட்டத்துக்கு அது போதும். இன்று இதைத் தொடங்க நினைப்பவருக்குக் காகிதமும் மையும் எங்கும் கிடைக்கும்; எதிரே உட்கார ஒருவரைச் சம்மதிக்கவைப்பதுதான் பாடு.