கிணத்துல ஊத்துன மருந்து: ஆன்டிபயாடிக்குக்கு முன்னாடி ஒரு கதை

1. வீரசோழன் சந்தைக்கு ஆடு பிடிக்க வர்றவங்க, நரிக்குடி, திருச்சுழி பக்கம் வெள்ளாமை பாக்குறவங்க, எல்லாரும் இந்த இழையைக் கொஞ்சம் பொறுமையா படிங்க மக்களே. சளி, காய்ச்சல்னா மருந்துக்கடையில "ரெண்டு ஆன்டிபயாடிக் குடுங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த மருந்தே இல்லாத காலத்தில் இந்தியாவில் என்ன செய்தார்கள் தெரியுமா?

2. வருடம் 1896. வாந்திபேதி வந்தால் ஊரே கதிகலங்கும் காலம். ஆக்ராவில் வேலை பார்த்த எர்னஸ்ட் ஹான்கின் என்ற கிருமியியல் அறிஞர், கங்கை, யமுனைத் தண்ணீரில் காலராக் கிருமியை விட்டுப் பார்த்தார். சில மணி நேரத்தில் கிருமிகள் செத்தன. அதே தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விட்டது. ஏன் என்று அன்று யாருக்கும் விளங்கவில்லை.

3. இருபது வருடம் கழித்துத்தான் விடை கிடைத்தது. 1915ல் லண்டனில் ட்வோர்ட், 1917ல் பாரிஸில் டெரெல், தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். நமக்குச் சளி பிடிக்க வைக்கும் வைரஸ் மாதிரி, பாக்டீரியாவைப் பிடிக்கிற வைரஸும் உண்டு! டெரெல் அதற்கு வைத்த பெயர் பாக்டீரியோபேஜ். பாக்டீரியாவைத் தின்பது என்று அர்த்தம். சுருக்கமாக பேஜ். கிருமிக்குள் புகுந்து, பெருகி, அதை வெடிக்க வைத்துவிட்டு வெளியே வரும். மனித செல்களைத் தாக்காது. கங்கையில் நடந்ததும் பேஜின் வேலையாக இருக்கலாம் என்று இன்று பலர் கருதுகிறார்கள்.

4. 1927ல் டெரெல் இந்தியாவுக்கே வந்தார். காலரா நோயாளிகளுக்கு பேஜ் கொடுத்தார், கிணறுகளில் ஊற்றினார். அதன்பின் அசாமில் மோரிசன் என்ற ராணுவ மருத்துவர் பெரிய அளவில் இறங்கினார். நவ்காங் பகுதிக்கு பேஜ் கொடுப்பது, ஹபிகஞ்சுக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பது. நவ்காங்கில் காலரா சாவு குறைந்தது. ஆனால் காலரா தானாகவே ஒரு வருடம் ஏறும், ஒரு வருடம் இறங்கும் நோய். அதனால் "பேஜால்தான் குறைந்தது" என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. 1936ல் அந்த ஆய்வு முடிவுக்கு வந்தது.

5. அடுத்து பென்சிலின் வந்தது. பேஜில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி என்பது போல, ஒரு பேஜ் ஒரு குறிப்பிட்ட கிருமியை மட்டும்தான் கொல்லும். முதலில் கிருமி எது என்று தெரிய வேண்டும். ஆன்டிபயாடிக் அப்படியில்லை. ஒரே மருந்து பல கிருமிகளுக்குக் கேட்கும். ஜார்ஜியா, ரஷ்யா தவிர உலகின் பெரும்பகுதி பேஜை மறந்தது.

6. பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945ல் நோபல் உரையிலேயே எச்சரித்தார். அளவு குறைத்து மருந்து எடுத்தால் கிருமி சாகாது, மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்ளும் என்றார். ரெண்டே ரெண்டு மாத்திரை வாங்குறோமே, அதுதான் இது.

7. அந்த எச்சரிக்கை நம் வாசலுக்கு வந்தது 2010ல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் குமாரசாமி கார்த்திகேயன் முதல் ஆசிரியராக இருந்த ஆய்வு லான்செட் குழும இதழில் வெளிவந்தது. என்டிஎம்-1 என்ற நொதியால், கடைசிக்கட்ட மருந்தான கார்பாபெனெமுக்கே அடங்காத கிருமிகள். சென்னையில் மட்டும் 44 மாதிரிகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கேட்ட மருந்துகளில் ஒன்று, சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று முன்பு ஒதுக்கி வைத்த கோலிஸ்டின். அதையும் நாடு முழுக்கக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம். 2019ல்தான் மத்திய அரசு கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது.

8. இதனால்தான் பேஜ் திரும்பி வருகிறது. 2016ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் டாம் பேட்டர்சன் என்ற பேராசிரியர் எந்த மருந்துக்கும் கேட்காத கிருமியால் சுயநினைவின்றிக் கிடந்தார். கழிவுநீர் போன்ற இடங்களிலிருந்து தேடிப் பிடித்த பேஜ்களை ரத்தத்தில் செலுத்தினார்கள். பிழைத்தார்.

9. "அப்ப கவலை இல்லை டாக்டர், பேஜ் இருக்கே" என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம ஊருணியிலும் கம்மாயிலும்கூட பேஜ் உண்டு. அதற்காக அந்தத் தண்ணியைக் குடித்தால் நோய்தான் வரும். அவரவர் கிருமிக்குப் பொருந்தும் பேஜைத் தேடி, சுத்தம் செய்து கொடுக்க வேண்டும். பேஜையும் கிருமி எதிர்க்கப் பழகும். நினைத்த ஆஸ்பத்திரியில் கிடைக்கிற சிகிச்சை இல்லை இது. இன்றைக்கு நமக்கு இருப்பது இருக்கிற ஆன்டிபயாடிக்தான்.

10. அதனால் நீங்க செய்ய வேண்டியது:
- சாதாரண சளிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம். அது வைரஸ், அதற்கு இது கேட்காது.
- அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.
- டாக்டர் எழுதிய நாட்களுக்கு, எழுதிய அளவில் சாப்பிடுங்கள். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.
- சர்க்கரை நோயாளிக்குக் காலில் ஆறாத புண் இருந்தால், மருந்தை மாற்றி மாற்றிப் போடுவதற்கு முன் சீழைப் பரிசோதித்து, எந்த மருந்துக்குக் கிருமி கேட்கும் என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.
- ஆடு, கோழிக்கும் இதே விதிதான். கால்நடை மருத்துவர் சொல்லாமல் ஊசி, மருந்து வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க. வீட்டில் மாத்திரைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.